தட்டில் இரண்டு கண்கள்

எனக்குக் கை சும்மா இருக்காது. மனதில் எதுவாவது உறுத்தினால் உடனே எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவேன். போன வருஷம் அக்டோபர் கடைசி வாரத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில் நான் துடைக்காத பாத்திரம் இல்லை, மடிக்காத துணி இல்லை. சூரியநெல்லியில் மழையும் மூடுபனியுமாக எதுவுமே காயாத நாட்கள். ஈரத்துணியையே மடித்து வைத்து, மறுபடி உதறி, மறுபடி மடித்தேன்.

"கொஞ்ச நேரம் ஒக்காரேன். ஒன்னயப் பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்றார் என் கணவர். அவர் சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். கல்லிலும் பள்ளத்திலும் ஓட்டிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் என்னைப் பார்த்துத்தான் தலை சுற்றியது.

எல்லாம் அந்த ஹாலோவீனால் வந்த வினை. நான் சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். அங்கே அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாலை விருந்தினர் பிள்ளைகளுக்காகப் பேய் வேஷ விழா என்று முடிவாகிவிட்டது. வந்திருக்கும் பிள்ளைகளோ நாலைந்து பேர். கூட்டம் காட்ட வேண்டுமே என்று மேனேஜர் எங்களிடம் வந்தார். "சேச்சி, மோளெயும் கொண்டு வரணம் கேட்டோ. நல்லொரு பேயாயிட்டு" என்றார். மகளையும் பேயாகக் கூட்டி வர வேண்டுமாம். கேட்பது போலத்தான் இருந்தது, ஆனால் அது கேள்வி இல்லை.

அதே வாரம் ஞாயிறு பூசை முடிவில் எங்கள் ஃபாதரும் ஒரு அறிவிப்பு வாசித்தார். முப்பத்தொன்றுக்கு மறுநாள் சகல புனிதர் திருநாள், அதற்கு அடுத்த நாள் கல்லறைத் திருநாள். நம் வீட்டில் இறந்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றப் போகிற நாம், அதற்கு முந்தைய நாள் செத்தவர்களை வைத்து வேடிக்கை காட்டலாமா என்று கேட்டார். அதனால் முப்பத்தொன்றாம் தேதி நாலு மணிக்கு மறைக்கல்விப் பிள்ளைகள் எல்லோரும் புனிதர் வேஷத்தில் கோயிலுக்கு வர வேண்டும். ஒவ்வொருவரும் மைக்கில் தான் யார், என்ன பாடுபட்டேன் என்று சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி வேறு சபைக்குப் போகிறவள். தேயிலை ஃபேக்டரியில் வேலை. அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னாள்: "அக்கா, புனிதரு வேஷமும் வேஷந்தான. எங்க பாஸ்டர் அன்னிக்கிப் பிள்ளைகள வாசல் தாண்ட விடாதீகன்னுட்டாரு. நான் சேமியா பாயசம் வச்சு, பாட்டுப் பாடி, வீட்டுக்குள்ளயே வச்சுக்கிருவேன்." ரிசார்ட் கிச்சனில் பூசணிக்காய்க்கு மூக்கும் பல்லும் வெட்டிக்கொண்டிருந்த அண்ணனும் கிறிஸ்தவர்தான். வேலை வேறு, விசுவாசம் வேறு என்பது அவர் கட்சி. வெட்டி எடுத்த சதையை வீட்டுக்குக் கூட்டு வைக்க எடுத்துப்போனார்.

என் கணவரிடம் கேட்டேன். "பேய் வேஷம் போட்டா பேயாயிருவாளாக்கும்? நான் சின்னப் பிள்ளையில எட்டு வருஷம் கிறிஸ்மஸ் நாடகத்துல இடையனா நின்னேன். இன்னிவரைக்கும் ஒரு ஆடு என் பேச்சக் கேட்டதில்ல" என்றார். இவரிடம் போய்க் கேட்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மகளுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது கண் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். மாறுகண். தேனியில் டாக்டர் பார்த்து, கண்ணாடி கொடுத்து, கோடை விடுமுறையில் ஆபரேஷன் செய்யலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் நான் கேட்கிற ஆளா? அவள் முன்முடியை நெற்றியில் இறக்கி வெட்டிவிட்டேன். போட்டோ என்றால் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவேன். விருந்து வீடுகளில் யாராவது அவள் முகத்தை உற்றுப் பார்த்தால் உடனே நான் குறுக்கே புகுந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசுவேன். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அவளைப் பார்த்து, "ஒரு கண்ணு போடிக்கு, ஒரு கண்ணு மூணாறுக்கு" என்று சொல்லியிருந்தான். அன்று வீட்டுக்கு வந்து பையை இறக்கும்போதே சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பையனின் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிப் போனேன். அவளுக்கு ஏன் என்றே தெரியாது, பாவம்.

பேய் வேஷ விழா பற்றித் தெரிந்ததும் மகள் குதித்தாள். ரிசார்ட்டில் கிழிந்துபோன வெள்ளை பெட்ஷீட் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

"ரெண்டு ஓட்ட போட்டாப் போதும்மா. தலையோட மூடிக்கிருவேன்."

"கோயில்ல ஃபாதர் என்ன சொன்னாரு? கேட்டேல்ல?"

"கேட்டேன். ஆனா பேய்க்குக் கண்ணு எங்க பாக்குதுன்னு யாருக்கும் தெரியாதுல்ல. அன்னிக்கி ஒரு நாளு எல்லாரும் அப்படித்தான இருப்பாங்க."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் பேய் மேல் ஆசையில்லை, முகம் இல்லாத ஒரு சாயங்காலத்தின் மேல்தான் ஆசை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகாவது நான் சும்மா இருந்திருக்கலாம். ஏதாவது செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும் என்றது கை.

செய்தேன். எங்கள் கோயிலில் இடப்பக்க மாடத்தில் ஒரு பெண் புனிதர் நிற்கிறார். விசுவாசத்துக்காகக் கண்களை இழந்தவர் என்பார்கள். கையில் ஒரு தட்டு, தட்டில் அவருடைய இரண்டு கண்கள். கண் நோவு கண்டவர்கள் அவரிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். மகள் பிறந்த வருஷத்திலிருந்து நான் அவருக்கு நேர்ந்துகொண்டு, செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அந்தப் புனிதராகவே மகளை நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. நேர்ச்சையும் நிறைவேறும், ஃபாதர் சொல்லும் நிற்கும், பிள்ளைக்கும் ஒரு வேஷம் ஆகும். தலையும் குனிந்தே இருக்கும், தட்டைப் பார்த்தபடி. எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேல் அவ்வளவு மதிப்பு வந்தது. மாறுகண் உள்ள பிள்ளையின் கையில் இரண்டு கண்களைக் கொடுத்து நூறு பேர் முன்னால் நிறுத்தப் போகிறோம் என்று தோன்றவே இல்லை. இப்படி ஒரு மடத்தனம் பக்தி முற்றிய அம்மாக்களுக்கு மட்டும்தான் வாய்க்கும்.

மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு, "சரி" என்றாள். அந்தச் சரியின் அர்த்தம் எனக்குத் தெரியும், தெரியாதது போல் இருந்தேன்.

கோயிலில் முதன்முதலாகப் புது நன்மை வாங்கிய நாளுக்குத் தைத்த வெள்ளை கவுன் கிடந்தது. என் சிவப்பு துப்பட்டா மேலாடை ஆனது. கண்களுக்கு இரண்டு முட்டைகளை வேகவைத்து உரித்து, மேலே கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். பார்க்க ஒன்றுமில்லாமல் வெளிறிக் கிடந்தன. கொஞ்சம் உயிர் இருக்கட்டும் என்று ஓரத்தில் பீட்ரூட் சாறு தொட்டுவிட்டேன். எவர்சில்வர் தட்டில் ஏறியதும் அவை இரண்டும் என்னையே பார்த்தன. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

நாலு மணிக்குக் கோயிலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பழுப்பு அங்கியும் கையில் குழந்தை இயேசுவுக்குப் பதில் பிளாஸ்டிக் பொம்மையுமாக ஒரே புனிதர் மட்டும் ஐந்து பேர். மூவருக்கு மீசை, ஒருவன் மீசையைத் துடைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தான். என் மகள் மைக்குக்கு முன்னால் வந்து, குனிந்த தலை நிமிராமல், நான் எழுதிக் கொடுத்த நாலு வரியையும் ஒப்பித்தாள். மறைக்கல்வி டீச்சருக்கு மனம் உருகிவிட்டது. அவர் நல்லவர், அதுதான் சிக்கல். மைக்கை வாங்கி, "நம்ம பிள்ளைக்கிக் கண்ணு சொகமாகணும்னு எல்லாரும் ஒரு அருள் நிறை மரியே சொல்லுவோமா?" என்றார்.

கோயில் முழுக்கச் சொன்னது. சொல்லிக்கொண்டே எல்லோரும் அவள் கண்ணைப் பார்த்தார்கள். பழுப்பு அங்கிப் புனிதர்கள் ஐவரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தட்டில் முட்டை ஒன்று உருண்டு ஓரத்தில் போய் நின்றது. மகள் அதைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஓடிப்போய் அவளை மறைக்க வேண்டும் போலிருந்தது. எல்லோரும் ஜெபம் சொல்லும்போது எப்படி ஓடுவது? நானும் சொன்னேன்.

முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். ஐந்தரைக்கு நான் ரிசார்ட்டில் இருக்க வேண்டும். இருட்டிவிட்டால் அந்தச் சாலையில் ஆனை நிற்கும். எங்களுக்குப் பேயைவிட அதுதான் பயம். உடை மாற்ற நேரமில்லை. நானும் அவளும் தட்டுமாக ஜீப்பில் ஏறினோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை.

ரிசார்ட் புல்வெளியில் பந்தல் போட்டு, பூசணிகளுக்குள் விளக்கு வைத்திருந்தார்கள். முதுகில் கறுப்புத் துணி கட்டிய பிள்ளைகள், முகத்தில் மாவு பூசிய பிள்ளைகள், துடைப்பம் ஏந்திய ஒரு சூனியக்காரி. துடைப்பம் எங்களுடையது, நான்தான் காலையில் எடுத்துக் கொடுத்தேன். இவர்களுக்கு நடுவில் என் மகள் வெள்ளை கவுனும் சிவப்பு மேலாடையுமாகத் தட்டை ஏந்தி வந்து நின்றாள். பீட்ரூட் சாறு அதற்குள் தட்டெல்லாம் பரவியிருந்தது. பார்த்ததும் ஒரே கைதட்டல்.

எல்லாவற்றிலும் பயங்கரமான பேய் என்று அவளுக்கே முதல் பரிசு கொடுத்தார்கள். பேய் இல்லை, புனிதர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன், மேனேஜர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பரிசு கொடுத்தது கொச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண். சாக்லேட் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். தாங்களும் கிறிஸ்தவர்கள்தான், தங்கள் கோயிலிலும் இன்று புனிதர் வேஷம்தான், பிள்ளைகள் பேய் வேஷம் கேட்டு அடம்பிடித்ததால் அங்கிருக்கும் ஃபாதருக்குத் தெரியாமல் மலையேறி வந்துவிட்டோம் என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். பிறகு குனிந்து மகளின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தாள்.

"அய்யோ, ஈ கண்ணு எங்ஙனெயா செய்தே? லென்ஸாணோ?"

அந்தக் கண்ணை எப்படிச் செய்தாய் என்று கேட்கிறாள். வேஷம் என்று நினைத்துவிட்டாள். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"மேக்கப்பாணு மேடம்" என்றேன்.

"சூப்பர்!" என்றாள் அவள்.

ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீடரைப் பற்றிக் கோயிலில் வாசிக்கும்போதெல்லாம் நான் உச்சுக்கொட்டியிருக்கிறேன். எனக்கு மூன்று முறை தேவைப்படவில்லை, ஒரே தடவையில் முடித்துவிட்டேன். மகள் கையிலிருந்து தட்டை வாங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. விழா முடியும்வரை அந்த இரண்டு முட்டைகளோடு தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் சாப்பாட்டுத் தட்டுகளை எடுப்பதும் வைப்பதுமாக அவளைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் போய் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் போட்டேன். அவள் தானே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரமாக நிற்காததால் கதவைத் தள்ளினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இடது கண்மேல் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது.

"என்ன பண்ணுற? ஏய், என்ன பண்ணுற நீ!"

"மேக்கப்புன்னு சொன்னேல்ல. கழுவுனாப் போகுதான்னு பாக்குறேன்."

தெரியாமல் செய்யவில்லை அவள். கோபத்தில் செய்தாள். எனக்குப் பிறந்தவள் அல்லவா? தண்ணீரை அள்ளி அவள் கண்ணைக் கழுவினேன், அவள் தட்டிவிட்டாள். மறுபடி கழுவினேன். இரண்டு பேரும் நனைந்துபோய் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்துவிட்டோம். எனக்கு அழுகை வந்தது, வாய்விட்டே அழுதேன்.

"பொய் சொல்லிட்டேன்டா."

"ஏன் சொன்ன?"

"ஒன்னய யாரும் எதுவும் சொல்லிறக் கூடாதுன்னுதான்."

"அவங்க ஒண்ணும் சொல்லலியே. நல்லாருக்குன்னுதான சொன்னாங்க. நீதான் சொன்ன."

கீழே கிடந்த சோப்பு டப்பாவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நாளைக்கிக் காலையில பூசைக்கி முன்னாடி ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணி, சொன்ன பொய்ய ஒத்துக்கிர்றேன்" என்றேன்.

"ஃபாதர்கிட்ட எதுக்கு? அவர்கிட்டயா நீ மேக்கப்புன்ன? அந்த ஆன்ட்டிகிட்டப் போயிச் சொல்லு."

வெளியே என் கணவர் நின்றிருந்தார் போலிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "காலையில நான் கொண்டுபோயி விடுறேன்" என்றார். கேலி ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த மனிதரை அன்றைக்கு எனக்குப் பிடித்தது.

மறுநாள் சகல புனிதர் பூசையில் நான் ஒன்றையும் கேட்கவில்லை. கடைசிப் பாட்டு முடியுமுன்பே கிளம்பிவிட்டோம். தலை வாரும்போது மகள் சீப்பைப் பிடுங்கி, முன்முடியைத் தானே மேலே தூக்கிக் கிளிப் போட்டிருந்தாள். வழி நெடுக நான் மலையாளத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேனேஜர் கேட்டால் என்ன செய்வது, வேலைக்கு உலை வைத்துவிடுவாரோ, விருந்தாளியைச் சங்கடப்படுத்தியதாகச் சொல்வாரோ என்று ஒரு பக்கம். அந்தக் கொச்சிக் குடும்பம் விடிகாலையே கிளம்பிப் போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று இன்னொரு பக்கம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: போயிருக்க வேண்டும் என்றுதான் ஜெபித்தேன்.

போகவில்லை. கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் கையசைத்தாள். நான் நேரே போய் நின்று, சேர்த்து வைத்திருந்த மலையாளம் எல்லாம் மறந்துபோய், தமிழும் அதுவுமாகக் கலந்து சொன்னேன்.

"மேடம், நேத்து நான் பொய் சொன்னேன். அது மேக்கப் அல்ல. இது என்டெ மோளுடெ கண்ணு. பிறந்தப்பலேர்ந்து இப்படித்தான்."

என் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வாக்கியத்தை அடுத்தவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. "அய்யோ, சாரி மோளே... ஞான் அறியாதெ..." என்று குனிந்தாள். மகளிடம் பேச வேண்டும், ஆனால் எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. வலது கண்ணைப் பார்த்தாள், இடது கண்ணைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், கடைசியில் தரையைப் பார்த்தாள். இது எனக்குப் பழகிய காட்சி. எல்லோரும் இப்படித்தான் தடுமாறுவார்கள். இந்த இடத்தில்தான் நான் எப்போதும் குறுக்கே புகுவேன். அன்றும் பழக்க தோஷத்தில் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டேன்.

மகள் எனக்கு முன்னால் வந்துவிட்டாள். தன் வலது கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள்.

"இதப் பாத்துப் பேசுங்க ஆன்ட்டி. நான் இதாலதான் ஒங்களப் பாக்குறேன்" என்று தமிழிலேயே, நிதானமாக, வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னாள்.

அந்தப் பெண் அந்தக் கண்ணைப் பார்த்தாள். உடனே இரண்டு பேருக்கும் பேச்சு சரியாக வந்துவிட்டது. என்ன கிளாஸ், கண்ணாடி கனக்குமா, ஆபரேஷன் எப்போது, முட்டையை அப்புறம் சாப்பிட்டாயா என்றெல்லாம் அவள் கேட்க, இவள் மலையாளத்துக்கு மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்கி அலைந்தேன், எட்டு வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றினேன், அவளிடம் எந்தக் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.